பிரிகிற இடத்துக்கு முன்னால்

“படுக்க வைக்காதே. நிக்க வை,” என்றான் தம்பி.

அக்கா ஒரு தோளையும் அவன் மனைவி மறு தோளையும் பிடித்துத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகளை அடுக்கினார்கள். போன வருஷம் வரை பம்ப் மோட்டாரைத் தனியாளாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியவன். இப்போது அவனைத் தூக்க ஒருத்தியே போதும். பயத்தில்தான் இருவரும் பிடித்தார்கள். சாய்த்து உட்கார வைத்ததும், விலாசம் தவறி வீட்டுக்குள் வந்துவிட்ட ஆட்களைப் பார்ப்பதுபோல அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நிக்க வைன்னேன்.” வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, காற்றில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தான். “கீழேருந்து மேல ஏறணும்.”

“மேல போறதைப் பத்திப் பேசறாரே அண்ணி,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் தம்பி மனைவி.

“காய்ச்சல் பேசுது. நீ அழுது அவனைப் பயமுறுத்தாதே,” என்ற அக்கா, மடியிலிருந்த நோட்டில் இரண்டு வளைவும் ஒரு கொக்கியும் போட்டாள்.

அக்கா கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். இருபத்தாறு வருஷம். எதிரே யாராவது பேசினால் அவள் கை தானாக எழுதும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகூட, பக்கத்து இலைக்காரர் பேசுவதை விரலால் தொடையில் எழுதிக்கொண்டிருப்பாள் என்று தம்பி கேலி செய்வான். எழுதுவதோடு அவள் வேலை முடிந்தது. அர்த்தம் பண்ணுவது நீதிபதி வேலை. ஒருமுறை ஒரு சாட்சி, தலையை ‘இல்லை’ என்று ஆட்டிக்கொண்டே வாயால் ‘ஆமா’ என்றான். அவள் ‘ஆமா’ என்றுதான் எழுதினாள். அதற்காக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தது தம்பி மனைவிதான். இரண்டு நாளைக்கு முன்பு டாக்டர், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பக்கத்திலேயே இருங்க,” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் விளக்கம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று விடிந்ததிலிருந்து அவன் விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்திருந்தான். “எழுதிக்கிட்டே இருங்க அண்ணி. இத்தனைக்கு நடுவுல உருப்படியா ஒண்ணு சொல்லிடுவார். அப்புறம் தவற விட்டுட்டோமேன்னு நான் கிடந்து தவிக்கணும்,” என்றாள் அவள்.

அதனால் அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். ‘தண்ணி நின்னா அதுவும் நிக்கணும்.’ ‘ஒட்டிடாதே, கழட்டற மாதிரி இருக்கட்டும்.’ நடுவே ஒரு பெருமூச்சு. அதற்குக் குறி இல்லாததால் ஒரு சின்ன இடம் விட்டாள்.

பதினோரு மணிவாக்கில் அவன் கண்ணை நன்றாகத் திறந்தான். குரல்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“கடைசியில வை. எல்லாத்துக்கும் கடைசியில.” விரலை உயர்த்தி எச்சரித்தான். “ஆனா பிரியறதுக்கு முன்னாடி.”

தம்பி மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

“பிரிஞ்ச பிறகு வச்சா சின்னதுக்கு ஒண்ணும் போகாது,” என்றான். “பெருசுக்குக் கவலை இல்ல. அதுக்குத் தானா போய்ச் சேரும். சின்னதுதான். பாவம், சின்னது.”

கிண்ணத்திலிருந்து கஞ்சி கட்டைவிரலில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. “அண்ணி, எழுதினீங்களா?” என்றாள். அக்கா தலையாட்டினாள். “எழுதினீங்கதானே?” என்று மறுபடி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிண்ணத்தைத் தரையிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து ஃபோனில் அவள் குரல் கேட்டது. “எங்கடி இருக்கே? ரொட்டியை இறக்காட்டி ஊர் ஒண்ணும் பட்டினி கிடக்காது. அப்படியே வா. அப்பா உன்னைக் கேட்டுட்டார்.”

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருந்தாள். சின்னவள்தான் கணக்கில் புலி. வங்கியில் வேலை கிடைத்து, எட்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு, ஆறு மணி நேரம் தள்ளியுள்ள ஊரில் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டப் போனாள். “நான் ஈரத்துல நின்னது போதும், என் பொண்ணுங்க காத்தாடிக்குக் கீழ உக்காரணும்னு நினைச்சேன்,” என்றான் தம்பி. அதற்கு மேல் கத்தவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அவளிடமிருந்து ஃபோன் வந்தால், சோபாவில் உட்கார்ந்தபடியே, “மோட்டார் ரூம்ல இருக்கேன்னு சொல்லு,” என்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்த மோட்டார் ரூம் என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. நோய் வந்தபின் அவள் மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூக்கமா பிடிவாதமா என்று யாருக்கும் தெரியவில்லை.

சின்னவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். தம்பி நாலு மணிக்கே போய்விட்டிருந்தான்.

எப்படிப் போனான் என்று அக்காவால் பிறகு யோசித்துச் சொல்ல முடியவில்லை. அவன் பேச்சு நின்று வெகு நேரமாகியிருந்தது. எழுத எதுவும் இல்லாததால் அவள் ஜன்னல் வழியே, எதிர்வீட்டுக்காரர் ஏணி போட்டு விளக்கு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய விளக்கைக் கழற்றினார், புது விளக்கு மாட்டினார், கீழே இறங்கிச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். திரும்பினால் தம்பி இல்லை. படுத்த இடத்தில்தான் இருந்தான். ஆனால் இல்லை. “அடேய்,” என்றாள்.

வாசலில் வேன் நின்றபோது தெருவெல்லாம் புது ரொட்டி மணத்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் மூக்கை உறிஞ்சிவிட்டு, பின் வெட்கப்பட்டு இருமினார்கள். சின்னவள் கம்பெனிச் சட்டையோடே உள்ளே வந்து, அப்பாவின் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. அவர் இனித் திரும்பிப் படுக்க மாட்டார் என்பதைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “உன் பேரைச் சொல்லித்தாண்டி போனார். பிரியறதுக்கு முன்னாடி சின்னதைப் பாக்கணும்னார். சின்னதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடுமேன்னு அப்படித் தவிச்சார். அண்ணி எழுதி வச்சிருக்காங்க, கேளு.”

சொன்னது அப்படியே இல்லை. பாதி நாளுக்குள் ‘பாக்கணும்’ என்ற சொல் உள்ளே நுழைந்துவிட்டது. அக்காவுக்கு அது நெருடியது. கோர்ட்டாக இருந்தால் எழுந்து நின்று திருத்தியிருப்பாள்.

“அத்தை,” என்றாள் சின்னவள். “எழுதினதை மட்டும் படிங்க.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் படித்தாள். “கடைசியில வை. எல்லாத்துக்கும் கடைசியில. ஆனா பிரியறதுக்கு முன்னாடி. பிரிஞ்ச பிறகு வச்சா சின்னதுக்கு ஒண்ணும் போகாது. பெருசுக்குக் கவலை இல்ல. அதுக்குத் தானா போய்ச் சேரும். சின்னதுதான். பாவம், சின்னது.”

சின்னவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். வளைவும் கொக்கியும் புள்ளியுமாகத்தான் இருந்தது. அதில் எது ‘சின்னது’ என்று கேட்டாள். அக்கா விரலால் தொட்டுக் காட்டினாள். பல்லி வால் மாதிரி ஒரு சுழி. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. வண்டி ஓட்டுகிறவளின் அகன்ற தோள் இரண்டும் குலுங்கின.

பெரியவள் அத்தையைத் தனியாகப் பிடித்தாள். “பெருசுக்குக் கவலை இல்லன்னா என்ன அத்தை அர்த்தம்? நான் நல்லா இருக்கேன்னா, இல்ல என்னைப் பத்திக் கவலையே படலைன்னா?”

“சொன்னதுதான்மா எனக்குத் தெரியும்.”

“தினம் ரெண்டு வேளை சோறு கொண்டு வந்தது நான்,” என்றாள் பெரியவள். பிறகு அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி போடப் போனாள்.

‘வை’ என்றானே, எதை வைக்கச் சொன்னான்? படுக்கப் போகும்வரை அக்காவுக்குள் அது ஒரு மீன்முள்ளாக நின்றது. அப்பா மகளைப் பற்றிப் பேசினால் ‘கூப்பிடு’ என்பான், ‘பாத்துக்கோ’ என்பான். ‘வை’ என்பானா? சாகப் போகிறவன் இலக்கணம் பார்த்தா பேசுவான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. தெருவில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. கடைசி நாற்காலியில் மேஸ்திரி, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிச் செருமி உட்கார்ந்திருந்தார். நீச்சல் குளங்களுக்குப் பைப் போடும் தம்பியோடு இருபது வருஷம் குளம் குளமாக அலைந்தவர். எந்தப் பைப் எங்கே போக வேண்டும் என்று தம்பி போடுவான்; அறுத்து ஒட்டுவது அவர். “அவர் தலை, நான் கை” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அக்கா பக்கத்தில் வந்ததும் எழுந்துவிட்டார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் முடிஞ்சதும் நான் நீச்சல் பள்ளிக்கு ஓடணும். பழைய பைப்பை அறுத்துப் போட்டாச்சு. ரெண்டு நாளா தண்ணி ஓடாம நிக்குது. இன்னும் ஒரு நாள் விட்டா பாசி பிடிச்சிரும். திங்கக்கிழமை புள்ளைங்க வந்திருவாங்க. இன்னிக்கு ஒட்டினாத்தான் நாளைக்குக் காயும்.”

“என்ன வேலை அது?”

“உப்புத் தண்ணிக்கு மாத்தறோம்க்கா. இதுவரைக்கும் குளோரின் மாத்திரைதான் கரைச்சு விட்டாங்க. கண்ணு எரியுது, தோல் வறளுதுன்னு புள்ளைங்க அழுதுங்க. இனிமே குளத்துல லேசா உப்பு போட்டுட்டா, ஒரு மிஷின் அந்தத் தண்ணிலேருந்தே குளோரினைச் செஞ்சுக்கும். அதை பைப்புல எங்க சேர்க்கறதுன்னுதான் பிளான். அவர் போட்ட கடைசிப் பிளான். ஒரு கோடு மாத்த மாட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். தம்பியின் பென்சில் கோடுகள். பம்ப் என்று ஒரு கட்டம், ஃபில்டர் என்று ஒரு கட்டம், ஹீட்டர் என்று ஒரு கட்டம். அதிலிருந்து கிளம்பிய கோடு சுவரோரம் ஏறி இரண்டாகப் பிரிந்தது. மேல் கிளையின் நுனியில் ‘பெருசு’ என்று எழுதியிருந்தான். கீழ்க் கிளையின் நுனியில் ‘சின்னது’.

அக்கா கீழ்க் கிளையின் நுனியை விரலால் தொட்டாள்.

“மேஸ்திரி, இந்தச் சின்னதுன்னா என்ன?”

“சின்னக் குளம்க்கா. மூணு வயசு, நாலு வயசுப் புள்ளைங்க இறங்கறது. முழங்கால் தண்ணிதான் இருக்கும். நாங்க பெருசு, சின்னதுன்னுதான் சொல்லுவோம்.”

“இந்த மிஷினுக்கு எது இடம்?”

அவர் மேல் கிளையில் இருந்த கட்டத்தைத் தொட்டார். “இங்க. பழைய மாத்திரை டப்பா இருந்த இடம்.”

“பிரிஞ்ச பிறகா?”

“ஆமா, பிரிஞ்ச பிறகுதான்.”

“அப்போ சின்னதுக்கு?”

“சின்னதுக்கு எப்பவும் நீச்சல் சொல்லித் தர்ற கோச்சம்மா கையால ஒரு மாத்திரை போட்டிருவாங்க. இனிமேதான் மாத்திரையே…” என்று ஆரம்பித்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார். காகிதத்தை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். “இனிமே மாத்திரை கிடையாதே,” என்றார்.

உள்ளே அழுகைச் சத்தம் கூடியது. எடுக்கப் போகிறார்கள். “அவன் நேத்து ஏதோ சொன்னான்,” என்றாள் அக்கா. “எழுதி வச்சிருக்கேன். ஆனா அது இதுவான்னு எனக்குத் தெரியல.”

“பைப்பு முன்னாடி நின்னாத்தான் அக்கா எனக்கு மூளை ஓடும். ஒட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் வந்து படிச்சிருங்க,” என்றார் மேஸ்திரி. “புள்ளைங்க சமாசாரம்.”

தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது அக்கா கூடவே நடந்தாள். அழ வேண்டிய நேரத்தில் அவள் மனசு பைப் பைப்பாக ஓடியது. இது குளம்தான் என்றால் அந்தப் பெண் அழுத அழுகை எதற்கு? அது மகள்தான் என்றால் ‘தண்ணி நின்னா அதுவும் நிக்கணும்’ எந்த மகளுக்கு? இரண்டும் என்றால் எது எங்கே முடிந்து எது தொடங்கியது? இருபத்தாறு வருஷத்தில் எழுதிய பக்கம் எதையும் அவள் இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. சொல்லாமல் விடலாமென்றால் முழங்கால் தண்ணீரில் நாற்பது குழந்தைகள். சொன்னாலோ, நேற்றுத் தரையில் உட்கார்ந்து அழுதவள் என்ன ஆவாள்? பக்கத்தில் யாரோ அவள் கையைப் பிடித்து, “மனசைத் தேத்திக்கோங்க,” என்றார்கள். தேற்றிக்கொள்வது இருக்கட்டும், மனசு எங்கே இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வீடு கழுவியாயிற்று. மூன்று மணிக்கு அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

“எங்க அத்தை?”

“நீச்சல் பள்ளி வரைக்கும். மேஸ்திரிக்கு ஒரு விஷயம் சொல்லணும்.”

“நான் கொண்டு விடறேன்.”

“வேண்டாம்மா, நீ படு.”

“அப்பா கடைசியா வேலை பாத்த இடத்தை நானும் பாக்கறேன்.” சாவி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

வண்டியின் பின்னால் ரொட்டித் தட்டுகள் ஒவ்வொரு மேட்டிலும் சலசலத்தன. சின்னவள் அவசரமில்லாமல், ஆளைத் தள்ளாமல் ஓட்டினாள். தம்பி ஒருமுறைகூட இந்த வண்டியில் ஏறியதில்லை என்று அக்காவுக்கு நினைவு வந்தது. வாசலில் வண்டி நின்றதும், “நீ இங்கேயே இரும்மா, அஞ்சு நிமிஷம்,” என்றாள். சின்னவள் சரி என்று சொல்லிவிட்டுக் கூடவே இறங்கினாள்.

பம்ப் அறை குளத்துக்குப் பின்னால் இருந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு மூச்சு முட்டும். அறுபட்ட வெள்ளைப் பைப்புகள் வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் நின்றன. புது மிஷின், பெட்டி பிரித்தபடி மேஜையில் கிடந்தது: முழங்கை நீளத்தில் தெளிந்த குழாய், உள்ளே அடுக்கடுக்காகத் தகடு. மேஸ்திரி முகத்தில் நேற்றைய தாடி, நெற்றியில் வியர்வை.

“படிங்கக்கா.”

சின்னவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். அக்கா ஒரு நிமிஷம் நோட்டைத் திறக்காமலே வைத்திருந்தாள். பிறகு கோர்ட்டில் படிக்கிற குரலில், யாரையும் பார்க்காமல், ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“‘தண்ணி நின்னா அதுவும் நிக்கணும்.’”

“சரிதான். பம்ப் நின்னப்புறம் மிஷின் ஓடினா உள்ள வாயு அடைஞ்சு வெடிச்சிரும். அதுக்குத் தனி சுவிட்ச் இருக்கு.”

“‘ஒட்டிடாதே, கழட்டற மாதிரி இருக்கட்டும்.’”

“தகட்டுல சுண்ணாம்பு ஏறும்க்கா. மாசம் ஒருதரம் கழட்டிக் கழுவணும். ரெண்டு பக்கமும் திருகற மூட்டு வைக்கச் சொல்றார்.”

“‘கடைசியில வை. எல்லாத்துக்கும் கடைசியில.’”

“ஹீட்டருக்கும் பின்னால. இல்லாட்டி குளோரின் ஹீட்டரை அரிச்சிரும்.”

“‘ஆனா பிரியறதுக்கு முன்னாடி. பிரிஞ்ச பிறகு வச்சா… சின்னதுக்கு ஒண்ணும் போகாது. பாவம், சின்னது.’”

“அடக் கடவுளே!” மேஸ்திரி கீழ்க் கிளைப் பைப்பை உள்ளங்கையால் தட்டினார். “சின்னதுக்குப் போகாது! எப்படிப் போகும்? மூணு வாரம் காகிதத்தை வச்சுக்கிட்டு நான் பாக்கல. படுத்த படுக்கையில அவர் பாத்துட்டார். பாவம் சின்னதுன்னாரா? பின்னே, மூணு வயசுப் புள்ளைங்களாச்சே. எல்லாம் ஒரே தண்ணியில மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு நிக்கும்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

“ஆனா இடம் இல்லையே அக்கா,” என்று மேஸ்திரி தன் பாட்டுக்குத் தவித்தார். ஹீட்டருக்கும் பைப் பிரியும் இடத்துக்கும் நடுவே கையால் சாண் போட்டுப் பார்த்தார். “தரையோட ஒரு சாண். அப்புறம் பைப் நட்டுக்குத்தலா ஏறிருது. படுக்க வைக்கவே முடியாது. அதனாலதானே அந்தப் பழைய இடத்துக்கே போனோம். வேற ஏதாவது சொன்னாரா?”

பதில் கதவுப் பக்கமிருந்து வந்தது. “படுக்க வைக்காதே, நிக்க வைன்னாராம். அம்மா சொன்னா.” சின்னவளின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “தூக்கி உக்கார வச்சாங்களாம்.”

“‘கீழேருந்து மேல ஏறணும்,’” என்று அக்கா படித்தாள்.

மேஸ்திரி நட்டுக்குத்தலான பைப்பை அண்ணாந்து பார்த்தார். மேஜையிலிருந்து மிஷினை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த குறிப்பைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். “நிக்க வச்சா தண்ணி கீழேருந்து மேல ஏறணும்னு போட்டிருக்கு,” என்றவர், அதைப் பைப்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தார். மேலே மூன்று விரற்கடை மிச்சம் இருந்தது. பிறகு மிஷினைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்சம் ஆனதும், “வேற உண்டா?” என்று கேட்டார், மூக்கடைத்த குரலில்.

“ஒரு வரி இருக்கு.” அக்கா அதை எழுதியதையே மறந்திருந்தாள். விடிந்ததும் அவன் முதலில் சொன்னது அது. பக்கத்தின் மேல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள். “‘வண்டியை நிழல்ல நிறுத்தச் சொல்லு. வெயில்ல கெட்டுரும்.’”

மேஸ்திரி யோசித்தார். “என்கிட்ட சைக்கிள்தான். உப்பு வண்டியா இருக்கும். இன்னிக்கு எட்டு மூட்டை வரணும்.”

உப்பு வெயிலில் கெடுமா, ரொட்டிதானே கெடும் என்று அக்கா நினைத்தாள். கேட்கவில்லை.

“உப்பு வண்டிதான் மாமா,” என்றாள் சின்னவள். கதவை விட்டு உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். “எதை அறுக்கணும்? நான் பிடிச்சுக்கறேன்.”

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். அக்கா நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். அவர் பென்சிலால் இரண்டு வளையம் போட்டுக் கொடுத்தார். சின்னவள் பைப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் ஹாக்ஸா ரம்பத்தை இழுத்தார். வெள்ளைத் தூள் அவள் கையிலும் கழுத்திலும் கம்பெனிச் சட்டையிலும் படிந்தது. “ஒரு மிஷின் ரெண்டு குளத்துக்கும் போதுமா?” என்று நடுவில் கேட்டாள். போதும், மிஷின் ஓடும் மணிக்கணக்கைக் கூட்டி வைக்க வேண்டும், சின்னதுக்குப் போகிற தண்ணியைக் கொஞ்சம் திருகிக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஒவ்வொரு குளத்திலும் தண்ணி எவ்வளவு என்று கேட்டு, மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு அவள் சொன்னாள். அவர் தம்பியின் காகிதத்தின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டார். பசை தடவி, இறுக்கி, கையை எடுக்காமல் நூறு வரை எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு குளமும் அசையாமல் கிடந்தன. அக்கா ஏதாவது சொல்ல வேண்டுமென்று வார்த்தை தேடினாள். மற்றவர்கள் சொன்னதை எழுதியே பழகியவளுக்குத் தன் வாக்கியம் ஒன்று சட்டென்று கிடைக்கவில்லை.

“கண்ணு… நேத்து எனக்கு நிஜமா தெரியாது.”

“அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை,” என்றாள் சின்னவள்.

“சரி.”

“பெரியவகிட்டயும்.”

“ம்.”

“கையைக் கழுவிட்டு வந்துடறேன்.”

குழந்தைகள் கால் கழுவுவதற்காகச் சின்னக் குளத்தோரம் ஒரு குழாய் இருந்தது, முழங்கால் உயரத்தில். சின்னவள் அதன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, குழாயைத் திறந்து, இரண்டு கையையும் நீட்டினாள். வெள்ளைத் தூள் கரைந்து காரைத் தரையில் ஓடியது. பிறகு தெளிந்த தண்ணீர் ஓடியது. அக்கா கைப்பையோடு தள்ளி நின்றாள். கைகள் சுத்தமாகி வெகு நேரமாகிவிட்டது. சின்னவள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.